திரையிலே பிறந்து தெருவிலே வளர்ந்த இசை

திரைப்பட இசையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இனிமையைப் பற்றியே எழுதுகின்றனர். எந்த மெட்டு மனத்தைக் கவர்ந்தது, எந்தக் குரல் உருக்கியது, எந்த இசையமைப்பாளர் எவரை விஞ்சினார் என்பனவே அவர்தம் விசாரணையாக அமைகின்றன. இவை இரசனை சார்ந்த வினாக்கள். பயனற்றவை என்று தள்ளிவிடுதற்கில்லை. ஆயினும் இவற்றினும் அடிப்படையான வினா ஒன்றுண்டு. படம் ஓடி முடிந்து, படச்சுருள் பெட்டிக்குள் உறங்கி, நடித்தவரும் இயக்கியவரும் மறைந்த பின்னரும் சில பாடல்கள் மட்டும் வாழ்ந்துகொண்டிருப்பது ஏன்? ஆயிரக்கணக்கிற் பிறந்து ஒரு பருவத்திலேயே மடிந்துபோகும் பாடல்களிடையே நிலைபேறு அடையும் பாடலின் இயல்பு யாது? இதற்கு விடையை இரசனையில் மட்டும் தேடுதல் போதாது. வரலாற்றிலேயும் தேடுதல் வேண்டும்.

அவ்வாறு தேடுதற்கு மூன்று திரைப்படங்களை இங்கு எடுத்துக்கொள்வோம். 1932ஆம் ஆண்டிலே பேர்லினில் ஒன்று, அதே ஆண்டில் லெனின்கிராட்டில் ஒன்று, 1935ஆம் ஆண்டிலே ஷங்காயில் ஒன்று. இன்று இப்படங்களைப் பார்த்தவர் மிகச் சிலர். அவற்றின் கதையைக் கூறுமாறு கேட்டால் சினிமா வரலாறு கற்றோருட் பலரே தயங்குவர். ஆனால், அவற்றில் ஒலித்த மூன்று பாடல்களோ கடல் கடந்தன, மொழி மாறின, சிறைக்கூடத்திலும் போர்க்களத்திலும் ஊர்வலத்திலும் ஒலித்தன. அவற்றுள் ஒன்று இன்று 140 கோடி மக்களைக் கொண்ட நாட்டின் தேசிய கீதமாகவே விளங்குகின்றது. இம்மூன்றின் வரலாறும் ஒரு மகிழ்ச்சியான உண்மையையும் ஒரு கசப்பான உண்மையையும் நமக்கு உணர்த்துகின்றது. அவற்றுள் ஒன்றை மட்டும் கூறி மற்றையதை மறைப்பது வரலாறாகாது.

முதலிற் காலப் பின்னணியை நோக்குவோம். 1927இல் அமெரிக்காவிலே ‘ஜாஸ் பாடகன்’ வெளிவந்ததைத் தொடர்ந்து சில ஆண்டுகளுக்குள் பேசும்படம் உலகெங்கும் பரவிற்று. மௌனப்படக் காலத்தில் ஒவ்வொரு கொட்டகையிலும் திரையின் முன்னமர்ந்து வாத்தியம் இசைத்த கலைஞர் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர். ஒலிப்பதிவுக் கருவிகளின் உரிமை ஒரு சில பெரும் மின்சாரக் கம்பனிகளின் கையில் இருந்தது. இசை இவ்வாறு யந்திரத்துக்கும் மூலதனத்துக்கும் உட்பட்டுக்கொண்டிருந்த அதே வேளையிலேதான், 1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்து உலகப் பொருளாதார நெருக்கடி மூண்டது. 1932இன் தொடக்கத்தில் ஜேர்மனியில் மட்டும் வேலையற்றோர் தொகை 60 இலட்சத்தை எட்டியது. ஒரு பாடலைக் கோடிக்கணக்கான செவிகளுக்குக் கொண்டுசெல்லும் கருவி கிடைத்த வேளையும், கோடிக்கணக்கானோர் உணவின்றித் தவித்த வேளையும் ஒன்றாக அமைந்தன. இந்தச் சந்திப்பிலேதான் நாம் நோக்கும் பாடல்கள் தோன்றின.

பேர்லினில் உருவான படத்தின் பெயர் ‘கூலே வாம்பே’. வாடகை கட்ட இயலாது வெளியேற்றப்பட்டோர் நகருக்கு வெளியே ஏரிக்கரையிலே கூடாரமிட்டு வாழ்ந்த குடியிருப்பின் பெயர் அது. ஸ்லாத்தன் டூடோவ் இயக்கினார். பேர்டோல்ட் பிரெக்டும் ஏர்ன்ஸ்ட் ஒட்வால்டும் எழுதினர். ஹான்ஸ் ஐஸ்லர் இசையமைத்தார். தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்களின் உறுப்பினர்களே திரளாக வந்து நடித்தனர். வேலை தேடி அலைந்து, கிடைக்காமல், வீட்டுச் சாளரத்தினின்றும் குதித்து மாளும் இளைஞனின் அவலத்தோடு தொடங்கும் படம், ‘ஒருமைப்பாட்டுப் பாடல்’ ஒலிக்க முடிவடைகின்றது.

இப்படத்தில் ஐஸ்லர் கையாண்ட முறை கவனித்தற்குரியது. இடிந்த குடியிருப்புகளையும் இருண்ட முற்றங்களையும் திரை காட்டும்போது, வழக்கமான இசையமைப்பாளர் சோகம் ததும்பும் வயலினை இழைய விட்டிருப்பார். ஐஸ்லரோ விரைவும் கூர்மையும் கொண்ட இசையை அங்கு அமைத்தார். காண்போன் இரங்கிப் பெருமூச்சு விடுதல் அவரது நோக்கமன்று; ‘இது ஏன் இவ்வாறு இருக்கவேண்டும்?’ என்று அவன் கேட்டல் வேண்டும். படத்திலுள்ளதையே மீண்டும் ஒலியிற் சொல்வது இசையின் பணியன்று என்னும் இக்கொள்கையைப் பின்னாளில் அமெரிக்காவிலே அகதியாக வாழ்ந்தபோது, தியோடோர் அடோர்னோவுடன் சேர்ந்தெழுதி 1947இல் வெளியான திரைப்பட இசை பற்றிய நூலிலே அவர் விரிவாக விளக்கினார். ‘கூலே வாம்பே’ முதலில் தணிக்கையாளராற் தடுக்கப்பட்டது. சில பகுதிகள் வெட்டப்பட்ட பின்னரே 1932 மே மாதத்திற் பேர்லினில் திரையிடப்பட்டது. 1933இல் நாஸிகள் அதனை முற்றாகத் தடைசெய்தனர். படம் தடைப்பட்டது, பாடல் தடைப்படவில்லை. ஏர்ன்ஸ்ட் புஷ் போன்ற பாடகரின் குரலிலே அது நாடுகடந்து வாழ்ந்த ஜேர்மனியரோடு ஐரோப்பா எங்கும் சென்றது.

அதே 1932இல், ஒக்டோபர்ப் புரட்சியின் பதினைந்தாவது ஆண்டு நிறைவையொட்டி லெனின்கிராட்டிலே உருவானது ‘எதிர்த்திட்டம்’. பிரீட்ரிக் எர்ம்லரும் செர்கேய் யூத்கேவிச்சும் இயக்கியது. குறித்த காலத்துக்கு முன்னரே பெருஞ்சுழலியொன்றைக் கட்டிமுடிக்கத் தொழிலாளர் தாமே வகுக்கும் திட்டந்தான் கதை. இதற்கு இசையமைத்த திமித்ரி ஷொஸ்தகோவிச்சுக்கு அப்பொழுது வயது 26. பாடலின் சொற்களை எழுதியவர் 25 வயதுக் கவிஞர் போரிஸ் கொர்ணீலொவ். விடியற்காலையிலே அன்புக்குரியவளைத் துயிலெழுப்பி வேலைக்கு அழைக்கும் எளிய பாடல் அது. யந்திரத்தைப் பற்றிய படத்திலே காலைப் பொழுதின் குளிர்ச்சியும் காதலின் இளமையும் உழைப்பின் உற்சாகமும் ஒன்றுகலந்த அப்பாடல் நாடெங்கும் பரவிற்று.

அதன் பயணம் சோவியத் எல்லையோடு நிற்கவில்லை. பிரான்சிலே 1936ஆம் ஆண்டின் மக்கள் முன்னணிக் காலத்தில், ஜான் பெரே எழுதிய பிரெஞ்சுச் சொற்களோடு இளைஞர் அதனைப் பாடினர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் பாடலாசிரியர் ஹரல்ட் றோம் அதற்கு ஆங்கிலச் சொற்களை எழுதினார். நேசநாடுகளின் ஒற்றுமையைப் போற்றும் பாடலாக அது மாறி, 1943இல் வெளிவந்த ஹொலிவூட் படமொன்றிலேயே இடம்பெற்றது. லெனின்கிராட் ஆலைத் தொழிலாளருக்காகப் பிறந்த மெட்டு, அமெரிக்க முதலாளித்துவத்தின் பெரும் கனவுத் தொழிற்சாலையினுள்ளேயே புகுந்தமை வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று எனலாம். ஷொஸ்தகோவிச் தாமும் அம்மெட்டை மறக்கவில்லை. 1959இல் அரங்கேறிய தமது இசை நாடகத்தில் அதனை மீண்டும் எடுத்தாண்டார்.

மூன்றாவது பாடலின் வரலாறே மிக விரிந்தது. அதனை இயற்றிய நியே ஏர் 1912இலே தென்மேற்குச் சீனத்தின் யுன்னான் மாகாணத்திற் பிறந்தவர். நாலு வயதிலே தந்தையை இழந்தார். 1930இல் ஷங்காய்க்கு வந்து கடையொன்றிலே வேலை பார்த்தார். அடுத்த ஆண்டு, லி ஜின்ஹுய் என்பார் நடத்திய ஆடல் பாடற் குழுவில் வயலின் வாசிப்பவராகச் சேர்ந்தார். சீனத்தின் வணிக மெல்லிசையைத் தோற்றுவித்தவர் லி ஜின்ஹுய். மக்களைக் கவரும் மெட்டு எவ்வாறு அமையவேண்டும் என்பதை நியே ஏர் அங்குக் கற்றார். அத்தகைய மெட்டு எதற்காகப் பயன்படவேண்டும் என்பதில் அக்குழுவோடு முரண்பட்டார். 1932இல் அந்த மயக்க இசையைக் கண்டித்துப் புனைபெயரிற் கட்டுரை எழுதி, குழுவினின்றும் விலகினார். பத்திரிகை விற்கும் ஏழைச் சிறுமியொருத்தியைக் கண்டு அவர் 1933இல் இசையமைத்த பாடலைச் சீனக் குழந்தைகள் இன்றும் பாடுகின்றனர். துறைமுகத் தொழிலாளர், தெருப்போடுவோர், பள்ளிவிட்டு வேலையில்லா உலகில் நுழையும் மாணவர் ஆகியோர்க்கு நாடகத்திலும் திரைப்படத்திலும் அவர் பாடல்கள் தந்தார்.

யப்பானிய ஏகாதிபத்தியம் 1931 செப்டெம்பரில் மஞ்சூரியாவைத் தாக்கிக் கைப்பற்றியிருந்த காலம் அது. கோமிந்தாங் அரசோ படையெடுத்தவனை எதிர்ப்பதிலும் பார்க்கப் பொதுவுடைமையாளரை வேட்டையாடுவதிலே அதிக முனைப்புக் காட்டியது. இச்சூழலில், கவிஞனொருவன் தனிவாழ்வின் சுகத்தைத் துறந்து எதிர்ப்புப் படையிற் சேரும் கதையை நாடகாசிரியர் தியென் ஹான் எழுதினார். ‘கொந்தளிப்புக் காலத்தின் பிள்ளைகள்’ என்பது படத்தின் பெயர். 1935 பெப்ரவரியில் தியென் ஹான் கைதுசெய்யப்பட்டார். படக்கதையை ஷியா யென் எழுதி முடித்தார். தியென் ஹான் எழுதிவைத்த ‘தொண்டர் அணிநடைப் பாட’லுக்கு இசையமைக்க நியே ஏர் தாமே முன்வந்தார். தம்மையும் கைதுசெய்யக்கூடும் என்ற நிலையில் அவர் ஏப்பிரலிலே யப்பானுக்குச் சென்றார். மே மாதத்திலே பாடல் இசைத்தட்டிற் பதிவாயிற்று. அம்மாதம் 24ஆம் திகதி படம் வெளிவந்தது. ஜூலை 17ஆம் திகதி, யப்பானின் குகெனுமாக் கடற்கரையிலே நீந்தச் சென்ற நியே ஏர் மூழ்கி இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 23. யப்பானிய ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்த பாடலைப் படைத்தவருக்கு அக்கடற்கரையிலே பின்னாளில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது என்பதும், அதனை அவ்வூர் மக்கள் பேணி வருகின்றனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கன. மக்களுக்கு மக்கள் பகையல்லர்.

படம் பெருவெற்றி எதனையும் ஈட்டவில்லை. ஆனால், பாடல் கொட்டகையை விட்டு வெளியேறியது. ஷங்காயிலே லியு லியாங்மோ என்னும் இளைஞர் சேர்ந்திசைக் கழகங்களை அமைத்து, எழுத்தறிவற்ற தொழிலாளருக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் இத்தகைய பாடல்களை வாய்வழியாகக் கற்பித்தார். 1936இலே விளையாட்டுத் திடலில் ஆயிரக்கணக்கானோர் கூடிப் பாடினர். 1937இல் முழுப்போர் மூண்டபின் போர்முனை வரை பாடல் சென்றது. பின்னர் அமெரிக்கா சென்ற லியு, 1940இலே நீக்ரோ மக்களின் மாபெரும் பாடகர் போல் றொப்சனுக்கு அதனைக் கற்பித்தார். றொப்சன் அதனைச் சீன மொழியிலேயே பாடி, 1941இல் இசைத்தட்டாகவும் வெளியிட்டார். அடிமைகளின் வழிவந்த ஒருவர், அடிமையாக மறுக்கும் இன்னொரு மக்களின் பாடலைத் தமதாக்கிக்கொண்டார்.

தமிழிலக்கியம் பயின்றோருக்கு இதற்கு மறுதலையான நிகழ்ச்சியொன்று நன்கு தெரிந்ததே. இளங்கோவடிகள் கானல்வரியிலும் வேட்டுவ வரியிலும் ஆய்ச்சியர் குரவையிலும் குன்றக்குரவையிலும், பரதவரும் வேட்டுவரும் ஆயரும் குறவரும் பாடிய பாடல் வடிவங்களைக் காப்பியத்தினுள்ளே கொணர்ந்தார். அங்கு மக்களின் பாடல் கலைப்படைப்பினுட் புகுந்தது. இங்கோ கலைப்படைப்பினுள்ளே பிறந்த பாடல் மக்களிடம் சென்றது. வழி வேறாயினும் நியதி ஒன்றே. கூடிப் பாடுதற்குரியதாய் அமைந்த பாடலுக்கே இவ்விரு வழியும் திறக்கும்.

மூன்று பாடல்களின் இசையமைப்பையும் நோக்குமிடத்து இது தெளிவாகும். எதுவும் பயிற்சிபெற்ற தனிப்பாடகனுக்காக அமைந்ததன்று. தொண்டை பழகாத நூறு பேர் நடந்துகொண்டே பாடுதற்கேற்ற வீச்சும் வேகமும் கொண்டவை இவை. நியே ஏரின் பாடலிலே ஊதுகுழலின் அழைப்புப் போன்ற தொடக்கம் உண்டு. பஞ்சமத்திலிருந்து மேற்சட்ஜத்துக்குத் தாவும் சுரப்பாய்ச்சல் மீண்டும் மீண்டும் வருகின்றது; எழுமாறு அழைக்கும் சொல் மும்முறை ஒலிக்கும்போது, ஒவ்வொரு முறையும் முன்னையதினும் உயர்ந்த நிலையில் அது ஒலிக்கின்றது. தியென் ஹானின் அடிகள் ஒத்த அளவின்றி உரைநடைபோல் நீண்டும் குறுகியும் செல்வன. அவற்றை ஒரே அளவுக்குள் வெட்டிப் பொருத்தாமல், பேச்சின் உணர்ச்சி எங்கே நிற்கின்றதோ அங்கே நியே ஏர் இசையையும் நிறுத்தினார். இவ்வமைப்பு எளியது, மலிவானதன்று. எளிமைக்கும் மலிவுக்கும் வேறுபாடு காணாதோரே மக்கட் கலையை இகழ்வர்.

‘இனிமையினாலேயே நிலைத்த திரையிசை இல்லையா?’ என்று ஒருவர் வினவலாம். உண்டு. சார்ளி சப்ளின் தமது ‘நவீன காலம்’ என்னும் படத்துக்கு 1936இல் தாமே அமைத்த மெட்டு, 1954இலே சொற்கள் சேர்க்கப்பட்டு உலகப் புகழ் பெற்றது. கேட்போரை உருக்கும் இனிமை அதற்குண்டு. ஆயினும், அந்த இனிமை எங்கிருந்து வந்தது? யந்திரத்தின் பற்களிடையே அகப்பட்டு, வேலையிழந்து, பசித்து, அப்போதும் துணையின் கைபற்றி நெடுஞ்சாலையிலே நடக்கும் எளிய மனிதனின் வாழ்விலிருந்தே அது வந்தது. நெருக்கடியின் உண்மை அடியிலே கிடப்பதனாலேதான் மேலே உள்ள இனிமை திகட்டாமல் இருக்கின்றது. ஆகவே, கூட்டுப்பாடல் மட்டுமே நிலைக்கும் என்பது நமது வாதமன்று. வாழ்வின் உண்மையைத் தாங்கிய இசையே நிலைக்கும் என்பதே வாதம்.

இனிக் கசப்பான உண்மைக்கு வருவோம். இப்பாடல்களைப் பாடிய அரசுகள், அவற்றைப் படைத்தோரைக் காத்தனவா? ‘எதிர்த்திட்டம்’ படத்திலே ஒரு பொறியியலாளர் வருகின்றார். அவர் ஆலையின் பணியை உள்ளிருந்து கெடுக்கும் நாசகாரர். அந்தச் சந்தேகம் படத்தின் கதையோடு நின்றுவிடவில்லை. ஆறு ஆண்டுகளுக்குள் அதே போன்ற பொய்க்குற்றச்சாட்டு, பாடலின் கவிஞர் மீதே பாய்ந்தது. 1938 பெப்ரவரி 20ஆம் திகதி போரிஸ் கொர்ணீலொவ் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 30. நாடு முழுவதும் காலைதோறும் அவருடைய சொற்களைப் பாடியது. அவருடைய பெயரைச் சொல்ல அஞ்சியது. 1957இலேதான் அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டது. ‘கூலே வாம்பே’ படத்தை எழுதிய இருவருள் ஒருவரான ஒட்வால்ட், நாஸிகளிடமிருந்து தப்பி மொஸ்கோவில் அடைக்கலம் புகுந்தார். 1936இல் அங்கேயே கைதாகி, 1943இலே சோவியத் முகாமில் இறந்தார்.

சீனத்திலும் இந்நிலையே நேர்ந்தது. 1949 செப்டெம்பரிலே, புதிய குடியரசு பிரகடனஞ் செய்யப்படுவதற்குச் சில நாட்களின் முன், ‘தொண்டர் அணிநடைப் பாடல்’ தற்காலிகத் தேசிய கீதமாகத் தெரிவுசெய்யப்பட்டது. கோமிந்தாங் சிறையிலே தள்ளிய தியென் ஹான் அதன் கவிஞர் என்று போற்றப்பட்டார். பண்பாட்டுப் புரட்சி தொடங்கிய 1966இலோ அவரே மக்கள் விரோதி எனப்பட்டார். 1968 டிசெம்பரிலே காவலிலிருந்தவாறே உயிர்நீத்தார். கவிஞர் குற்றவாளி ஆனமையால் அவர்தம் சொற்களைப் பாடுதலும் நின்றது. சொல்லற்ற மெட்டு மட்டும் வாத்தியங்களில் ஒலித்தது. 1978இலே கட்சியையும் தலைவரையும் போற்றும் புதிய சொற்கள் சேர்க்கப்பட்டன. அவை மக்கள் நாவிலே ஒட்டவில்லை. 1979இல் தியென் ஹான் குற்றமற்றவராக்கப்பட்டார். 1982 டிசெம்பரிற் பழைய சொற்களே மீண்டன. 2004இல் அரசியலமைப்பிலும் அப்பாடல் இடம்பெற்றது.

முற்போக்கு இலக்கியத்திலே நாட்டமுள்ள நாம் இவ்வரலாற்றை மறைத்துப் பேசுதல் தகாது. பகைவர் இதனைச் சொல்லி மகிழ்வர் என்று அஞ்சி வாளாவிருப்பின், கொர்ணீலொவுக்கும் ஒட்வால்டுக்கும் தியென் ஹானுக்கும் இழைக்கப்பட்ட அநீதிக்கு நாமும் துணைபோனவராவோம். இம்மூவரும் மக்கள் இயக்கத்துக்குப் புறத்தே நின்றவரல்லர். அதன் நாவாக விளங்கியவர்கள். நாவை அறுத்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொள்ள முனைந்தது அதிகார பீடம். மக்களின் பெயரால் அமைந்த அரசும் மக்களின் குரலுக்கு அஞ்சத் தொடங்கலாம் என்பதே இதன் படிப்பினை.

அந்த அச்சம் இன்னும் முற்றாக நீங்கியபாடில்லை. 2017இலே சீன அரசு தேசிய கீதச் சட்டத்தை இயற்றி, கீதத்தை அவமதிப்போரைத் தண்டிக்க வழிசெய்தது. பாடல் இவ்வாறு அரசின் உடைமையாகி, சட்டத்தின் வேலிக்குள்ளே உறைந்துவிட்டது என்று எண்ணியோரும் இருந்திருக்கலாம். ஆனால், 2022 நவம்பரிலே உரும்சி நகரில் ஒரு குடியிருப்புக் கட்டடம் தீப்பற்றிப் பத்துப் பேர் மாண்டபோது, நீண்டகாலப் பெருந்தொற்று முடக்கத்தினால் நொந்திருந்த மக்கள் வீதிக்கு வந்தனர். அவர்கள் புதிய பாடலெதனையும் தேடவில்லை. தேசிய கீதத்தையே பாடினர். அடிமையாக மறுப்போரை எழுமாறு அழைக்கும் அதே சொற்களை, அவற்றின் பழைய பொருளிலேயே பாடினர். பாடுவதைத் தடுப்பின் தன் கீதத்தையே தான் தடுத்ததாகும் என்ற இக்கட்டில் அரசு நின்றது. 87 ஆண்டுகளுக்கு முன் ஷங்காய்ப் படக்கொட்டகையிலே பிறந்த பாடல் அன்றும் தன் பணியைச் செய்தது.

நாம் தொடக்கத்திலே எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே. எந்தத் திரையிசை நிலைக்கும் என்பதைத் தயாரிப்பாளரும் விமர்சகரும் முன்கூட்டித் தீர்மானித்தல் இயலாது. ஆணையிட்டு நிலைக்கச் செய்வதும் ஆணையிட்டு அழிப்பதும் அரசுக்கும் இயலாது. ஒரு காலத்து மக்கள் தமது துன்பத்தையும் துணிவையும் எந்தப் பாடலில் வைத்துப் பாடினரோ, அதனைப் பிற்காலத்து மக்கள் தமது துன்பம் நேரும்போது எடுத்துக்கொள்கின்றனர். எடுத்தாளப்படும் வரை பாடல் வாழும். அதனைப் பயிற்றுவிக்கும் ஆசிரியரும் பயிலும் மாணவரும் மெட்டோடு நின்றுவிடாது, அதனைப் படைத்தோரின் பெயரையும், அவருக்கு நேர்ந்ததையும் சேர்த்தே அறிந்துகொள்ளல் வேண்டும். இல்லையேல், அதிகாரம் செய்த அதே பிழையை — பாட்டை ஏற்றுப் பாவலனை மறந்த பிழையை — நாமும் செய்தவராவோம்.